கையெழுத்து வாங்கப் போன ஏழு நாட்கள்

வியாழன், காலை 7.50. மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கியது. சொந்த ஊருக்கு வந்ததைப் பயணக் கட்டுரையாக எழுதுகிறவள் அனேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் இந்தத் தடவை நான் விடுமுறைக்கு வரவில்லை. ஆராய்ச்சிக்கு வந்திருந்தேன். கையில் திரும்பிப் போகும் டிக்கெட் இருந்தது, பையில் ஒரு குறிப்பேடு இருந்தது, நடுவில் ஏழு நாட்கள் இருந்தன.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. பதினெட்டு ஆண்டுகள் உயர் நீதிமன்றத்தில் சிவில் வழக்குகள் நடத்தினேன். மகள் கோவையில் விடுதியில் சேர்ந்ததும் எனக்கும் படிப்பு ஆசை வந்துவிட்டது. நெதர்லாந்தில் ஒரு கால்வாய் ஊரில் இருக்கும் பல்கலைக்கழகத்தில், சர்வதேசப் பொதுச் சட்டத்தில் ஓராண்டு முதுகலைப் படிப்பு. வகுப்பில் நான்தான் மூத்தவள். என் ஆய்வுக்கு நெறியாளராக இருக்கும் பேராசிரியை என்னைவிட ஆறு வயது சின்னவர். சக மாணவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஏழு மாதம் ஆகியும் யாரோ அதட்டுகிற மாதிரியே இருக்கிறது.

விமான நிலையத்திலிருந்து சைதாப்பேட்டைக்கு மெட்ரோவில் முப்பது ரூபாய். அங்கிருந்து மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீடு மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டு நூறுக்கு இறங்கினார். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்கினார்.

"இன்னா மேடம், துபாயா?"

"இல்லை, நெதர்லாந்து. படிக்கிறேன்."

"பொண்ணு படிக்குதா?"

"நான்தாங்க படிக்கிறேன்."

கண்ணாடியில் என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "நல்லா படி மேடம். இன்னா படிப்பு?"

"நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவுல சண்டை வந்தா அதுக்கு உள்ள சட்டம்."

"அதுக்குக் கோர்ட்டு கீதா?"

"இருக்கு."

"தீர்ப்பு குடுத்தா கேப்பானுங்களா?"

"சில சமயம் கேப்பாங்க. முதல்ல அந்தக் கோர்ட்டுக்கு வர ஒத்துக்கணும். ஒத்துக்காத நாட்டை இழுத்துட்டு வர முடியாது."

"அடேங்கப்பா! எங்களுக்கு அப்டி ஒரு கோர்ட்டு வெச்சா நல்லாயிருக்கும்" என்று சிரித்தார். ஏழு மாதமாக நான் கட்டுரை கட்டுரையாக எழுதியதை அந்த மனிதர் ஆரிய கௌடா சாலை திரும்புவதற்குள் கேட்டு முடித்துவிட்டார்.

என் ஆய்வு என்ன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாடுகளுக்கிடையே எழுதிவைக்காத சட்டமும் உண்டு. நாடுகள் நெடுங்காலம் ஒரு வழக்கத்தைக் கடைப்பிடித்து, அப்படித்தான் செய்தாக வேண்டும் என்று நம்பவும் செய்தால் அது சட்டமாகிவிடும். செய்வதை நிரூபிப்பது எளிது. நம்புவதை நிரூபிப்பதுதான் பாடு. கரையோர மீனவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் கடல் வழக்கங்களையும் இதே கண்ணோடு பார்க்கலாமா என்பதுதான் என் கேள்வி. கேள்வி நெறியாளருக்குப் பிடித்திருந்தது. பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு மட்டும் ஒரு நிபந்தனை போட்டது. பேசப்போகும் பன்னிரண்டு பேரிடமும் தனித்தனியாக ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி, புதன்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டு நூலகத்தில் உட்கார்ந்து வேறு எழுத வேண்டும். அந்த அத்தியாயம் போனால் ஆய்வேட்டில் மிச்சம் இருப்பது முன்னுரையும் நன்றியுரையும்தான்.

வெள்ளி, காலை 8.30. பனகல் பூங்கா நிறுத்தத்தில் பேருந்து ஏறி லஸ்ஸில் இறங்கினேன். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ரசீது கேட்கும் பல்கலைக்கழகத்துக்கு எதைக் காட்டுவது என்று யோசித்து, பூஜ்யம் போட்ட அந்தச் சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்தேன். மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே ஒரு காபி, முப்பத்தைந்து ரூபாய். நெதர்லாந்தில் அந்த விலைக்குக் காபியை ஜன்னல் வழியாகப் பார்க்கலாம்.

பக்கத்து ஜெராக்ஸ் கடையில் படிவத்தை இருபது பிரதி எடுத்தேன். நான்கு பக்கம், நானே மொழிபெயர்த்த தமிழ். கடைக்காரர் எடுத்த தாள்களை அடுக்கும்போது மேல் தாளைப் படித்துவிட்டார்.

"தப்பா நினைச்சுக்காதேள் மேடம். இதுல கையெழுத்துப் போடறதுக்கே ஒரு வக்கீல் வெச்சுக்கணும் போலருக்கே?"

"நானே வக்கீல்தான்" என்றேன், பெருமையாக. அவர் தாள்களைத் தட்டி அடுக்கி நீட்டினார்.

குளத்திலிருந்து கடற்கரைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். சாந்தோம் நெடுஞ்சாலையைக் கடந்து லூப் ரோட்டில் நுழைந்ததும் மீன் வாசம் வந்தது, பசித்தது. கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவில், நொச்சிக்குப்பத்தை ஒட்டி வரிசையாகக் குப்பங்கள். நான் போனது அவற்றில் ஒன்றுக்கு. அதன் பெயரை எழுதாததற்குக் காரணம் பின்னால் வரும். மனிதர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

அங்கே மீன் விற்கும் கஸ்தூரியிடம் பன்னிரண்டு வருடமாக ஞாயிறுதோறும் மீன் வாங்குகிறேன். என் கணவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கடல் மீன் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவர் ஞாயிற்றுக்கிழமையாகக் கணக்கில் எடுப்பதில்லை. கஸ்தூரிக்கும் என் வயதுதான், இரண்டு மாதம் இளையவள் என்பதால் என்னை அக்கா என்பாள். என்னைக் கண்டதும் சங்கரா மீனைத் தூக்கிக் காட்டினாள். கிலோ நானூறு.

"இன்னாக்கா, வெள்ளக்காரன் ஊர்ல மீனே இல்லியா? இப்டி எளச்சிப் போய்க் கீற!"

விஷயத்தைச் சொன்னேன். "அவ்ளோதானே, எங்க ஊட்டுக்காரரு கீறாரு, கேளு" என்று சொல்லிவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போனாள். அவள் கணவர் ஏழுமலை படகோரத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பேச்சுக் குறைந்த மனிதர். நான் எதிரில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் படிவத்தை நீட்டினேன்.

பதினெட்டு வருடத் தொழில் பழக்கம் அது. கட்சிக்காரர் வந்து உட்கார்ந்ததும், அவர் அழுதுகொண்டிருந்தாலும், வக்காலத்தில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் கதை கேட்பது. ஏழுமலை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடலைப் பார்த்தார். கஸ்தூரி இருந்த பக்கம் பார்த்தார். "நீ நம்ம ஊட்டு மனுசி மாதிரி" என்று சொல்லி மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். அவர் தயங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். எத்தனையோ குறுக்கு விசாரணைகளில் அந்த மாதிரித் தயக்கத்தைப் பிடித்துக்கொண்டே ஜெயித்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும், எழுத்து மெதுவாக வருகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டில் ஒன்று முடிந்தது.

மற்ற பதினொருவரைத் தேடிப் படகு படகாகப் போனேன். முதல் ஆள் கண்ணாடி இல்லை என்றார். அடுத்தவர் அவசரமாக வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மூன்றாவது ஆள் தாளைத் தொடவே இல்லை. எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஒருவர் டீகூட வாங்கிக் கொடுத்தார். பதினொரு மணி வெயிலில் நான் திரும்பி நடந்தேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தைரியமாக இருந்தேன்.

சனி, காலை 9.15. கஸ்தூரி தொலைபேசியில் கூப்பிட்டாள். எடுத்ததும் சத்தம்.

"இன்னாக்கா நீ, வக்கீலுக்குப் படிச்சிட்டு இப்டி பண்ணிட்டியே! எங்க ஊட்டுக்காரரத் தொழிலுக்குப் போவக் கூடாதுன்னு நிறுத்திட்டாங்க!"

"யாரு நிறுத்தினது? போலீஸா?"

"போலீசு இன்னாத்துக்கு வருது? ஊரு! ஊர்ல கேக்காம வெளி ஆளு பேப்பர்ல கையெய்த்துப் போட்டாருன்னு. பஞ்சாயத்து முடியற வரைக்கும் படகு எறங்கக் கூடாது. நாலு நாளா இப்பதான் மீனே படுது, எங்க படகு கரையில குந்திக்கினு கீது."

அப்புறம்தான் முழுக் கதையும் சொன்னாள். சில வருடங்களுக்கு முன் யாரோ வந்து, எத்தனை வலை இருக்கிறது என்று கணக்கெடுப்பதாகச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிப் போனார்களாம். பிறகு அதே தாள், குப்பத்தைக் காலி செய்துகொண்டு தூரத்து அடுக்குமாடிக்குப் போகச் சம்மதம் என்ற தாளாக வெளியே வந்ததாம். அதை மாற்றப் பட்ட பாடு கொஞ்சமில்லை. அன்றிலிருந்து குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு. வெளியார் தாள் எதிலும் யாரும் தனியாகக் கையெழுத்துப் போடுவதில்லை. ஊர் கூடிப் பேசிச் சொல்லும். படித்தவர், படிக்காதவர், எந்தக் கட்சிக்காரர் என்ற பேச்சே இல்லை.

"இது தெரிஞ்சும் அவரு ஏன் போட்டாரு?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குக் குரல் இறங்கிவிட்டது.

"நீ நீட்டிட்ட. தேடி வந்து நீட்டினவள எப்டி வாணாம்னு சொல்றதுன்னு போட்டுட்டாரு."

எனக்கு அன்று முழுக்க எதிலும் மனம் ஒட்டவில்லை. ஆய்வேடு போய்விடும் என்ற கவலையைவிட, ஒரு மனிதரின் படகைக் கரையில் உட்காரவைத்துவிட்டேன் என்பதுதான் உறுத்தியது. நெறியாளருக்கு நடந்ததை எல்லாம் எழுதி அனுப்பினேன். தனித்தனிக் கையெழுத்து கிடைக்காது, ஊர் சேர்ந்து வாயால் சொல்லும் சம்மதத்தைக் குழு ஏற்குமா என்று கேட்டேன்.

சனி, மாலை 5.30. என் கணவர் கணேசன் உஸ்மான் சாலையை ஒட்டிய சந்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். சனிக்கிழமை மாலை அவர் கடையை விட்டு வருவது அமாவாசையில் நிலா பார்க்கிற மாதிரி. அன்று என் முகத்தைப் பார்த்து, கடையை ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். தி.நகரிலிருந்து அடையாறுக்கு ஐந்தரைக் கிலோமீட்டர், நாற்பது நிமிடம். அடையாறில் ஓர் உணவகத்தில் அடை அவியல் சொன்னார். நூற்றிருபது ரூபாய். பாதி தின்ற பிறகு வாயைத் திறந்தார்.

"மீனு வாங்குன பழக்கத்துல கையெழுத்தும் வாங்கிரலாம்னு நெனச்சிட்டியாக்கும்?"

"நான் என்ன மோசம் பண்ணவா போனேன்? படிப்புக்குத்தானே கேட்டேன்!"

"எல்லாவனும் அப்படித்தான் சொல்லுவான். நம்ம தெருவுல நடந்தது மறந்து போச்சா?"

மறந்துதான் போயிருந்தது. நாலைந்து வருடத்துக்கு முன், கடைகளின் அகலத்தை அளக்கிறோம் என்று ஒரு தனியார் நிறுவனத்து ஆட்கள் தாள்களோடு அந்தச் சந்துக்குள் வந்தார்கள். பாத்திரக்கடை, துணிக்கடை, வளையல் கடை எல்லாரும் ஒரே குரலில், சங்கம் கூடிப் பேசிச் சொல்கிறோம், தனியாக யாரும் கையெழுத்துப் போட மாட்டோம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அந்த யோசனைய சொன்னது யாரு?" என்று கேட்டுவிட்டு, அவியலைத் தொட்டுக்கொண்டார்.

சொன்னது நான். எங்கள் கடை மாடியில் நாற்பது வியாபாரிகளை உட்காரவைத்து, தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டால் தனித்தனியாக மாட்டிக்கொள்வீர்கள் என்று அரை மணி நேரம் விளக்கியவள் நான்தான். பிறகு கைதட்டி எனக்குச் சால்வை போட்டார்கள். அவர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நாளைக்குப் போ. அவங்க கேக்கதுக்கு முன்னால நீயே தப்புன்னு சொல்லிரு. வக்கீல் பேச்செல்லாம் அங்க பேசிராத" என்றார். நல்ல மனிதர். திரும்பும் வழியில் ஒரு முழம் மல்லிகையும் வாங்கிக் கொடுத்தார், அறுபது ரூபாய்.

ஞாயிறு, காலை 11.30. மீன் வியாபாரம் அடங்கிய பிறகு, அம்மன் கோயிலுக்கு முன்னால் இருக்கும் சிமெண்டுத் தரையில் ஊர் கூடியது. ஆண்கள் எழுபது எண்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஓரமாக, கஸ்தூரி அவர்களுக்கு முன்னால். நான் பழுத்த மனிதர் ஒருவரை எதிர்பார்த்துப் போயிருந்தேன். தலைவர் என்று எழுந்தவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. வணிகவியல் பட்டதாரி, சொந்தமாக இரண்டு படகு. செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் நின்றேன். ஏழுமலை எனக்குப் பக்கத்தில், கைகட்டி நின்றார். அவரை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகம் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தரைக்கு என்னை வரச்சொல்லி எந்தச் சம்மனும் வரவில்லை. நான் போகாமல் விமானம் ஏறியிருந்தால் யாரும் என்னை ஒன்றும் செய்திருக்க முடியாது. உலக நீதிமன்றத்தின் முன் நாடுகள் எப்படித் தாமாக ஒப்புக்கொண்டு வந்து நிற்கின்றனவோ அப்படித்தான் நானும் நின்றேன். வகுப்பில் அதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டிவரும் என்று அதில் எங்கேயும் எழுதவில்லை.

"யார்கிட்ட கேட்டு ஊர்க்குள்ள பேப்பர் எடுத்துக்கினு வந்தீங்க மேடம்?" என்று தலைவர் கேட்டார். குரலில் கோபம் இல்லை.

நீதிமன்றத்தில் எதிர்வாதம் எழுதும்போது முதல் வரியே, எல்லாவற்றையும் மறுக்கிறோம் என்றுதான் தொடங்குவோம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "யாரையும் கேக்கல. கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான். அவர் எனக்கு மரியாதை பண்ணத்தான் போட்டார்" என்றேன்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "வக்கீலம்மா தப்புன்னு ஒத்துக்கறத நான் இப்பதான் பாக்கறேன்!" கொஞ்சம் சிரிப்பு. தலைவர் கையைக் காட்டினார், அடங்கியது.

கையெழுத்துப் போட்ட தாளைக் கேட்டார். கொடுத்தேன். என்னையே படிக்கச் சொன்னார். 'பங்கேற்பாளர் தமது தன்னார்வ ஒப்புதலை இதன்மூலம் உறுதிப்படுத்துகிறார்' என்று படித்தேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஓரத்திலிருந்து கஸ்தூரி, "நம்ம பாஷையில சொல்லுக்கா" என்றாள். தாளை மடித்துவிட்டு, நான் யார், எங்கே படிக்கிறேன், என்ன கேட்க வந்தேன், அதை வைத்து என்ன எழுதுவேன், யார் படிப்பார்கள் என்று சொன்னேன். பத்து நிமிடம். கேள்வி கேட்டார்கள். இதனால் உனக்கு என்ன கிடைக்கும்? பட்டம். எங்களுக்கு? நேராக ஒன்றும் கிடைக்காது என்று உண்மையைச் சொன்னேன். எங்களுக்கு எதிராக யாராவது இதை எடுத்துக் காட்டினால்? அதைத் தடுக்க என்னால் முடியாது என்றே சொன்னேன்.

அவர்கள் தங்களுக்குள் அரை மணி நேரம் பேசினார்கள். சத்தமாகவும் பேசினார்கள். நான் வெயிலில் நின்றேன், ஒரு பெண் எழுந்து வந்து என்னை நிழலுக்குத் தள்ளினாள். கடைசியில் தலைவர் தீர்ப்பைச் சொன்னார். தாளை இங்கேயே கிழித்துப் போட வேண்டும். ஏழுமலை நாளைக் காலை தொழிலுக்குப் போகலாம். நான் திங்களும் செவ்வாயும் வந்து எல்லாரும் உட்கார்ந்திருக்கும் இடத்தில் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம், தனியாக யாரையும் பிடித்துக் கேட்கக் கூடாது. கையெழுத்து கிடையாது. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் எங்கேயும் எழுதக் கூடாது.

"அப்புறம் ஒண்ணு. எழுதி முடிச்சதும், அந்த வெள்ளக்காரங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி, இதே எடத்துல வந்து எங்களுக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டணும்."

"ஜூலைல குடுக்கணும். அதுக்கு முன்னால வர்றேன்."

"வருவீங்களா?"

"வருவேன். வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறேன்" என்று கைப்பையில் பேனாவைத் தேடினேன்.

அந்தச் சிரிப்பு பட்டினப்பாக்கம் வரை கேட்டிருக்கும். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஏழுமலை சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். "வாணாம் மேடம். வாயால சொல்லிட்டீங்க இல்ல, போதும்" என்றார் தலைவர். நான் தாளை நாலாகக் கிழித்தேன். மனசு அவ்வளவு லேசாகியிருந்தது, கஸ்தூரியிடம் விலைகூடக் கேட்காமல் ஒரு கிலோ சங்கரா வாங்கினேன். நானூற்றைம்பது வாங்கிவிட்டாள்.

திங்கள், காலை 10.00. ஏழுமலையின் படகு விடியலில் போய்த் திரும்பியிருந்தது. வலை பிரிக்கும் இடத்தில் இருபது பேர். கேள்வியை நான் ஒருவரிடம் கேட்டால் நாலு பேர் பதில் சொன்னார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருத்தினார், திருத்தியவரைப் பெண்கள் திருத்தினார்கள். தனியாக வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்டிருந்தால் இதில் பாதிகூடக் கிடைத்திருக்காது. ஒருவர் வலை மேல் இன்னொருவர் வலை விழுந்தால் என்ன செய்வது, கூட்டமாக மீன் வரும்போது முதலில் கண்டவருக்கு என்ன உரிமை, எல்லாம் பேசினார்கள். பிறகு, குப்பத்தில் சாவு விழுந்தால் அன்று ஒரு படகும் இறங்காது என்றார்கள்.

"யாராவது மீறிப் போனா?" என்று கேட்டேன்.

"யாரும் போனதில்ல."

"ஒருவேளை போனா என்ன தண்டனை?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழுமலைதான் பதில் சொன்னார். "ஏன் போவப் போறான்?"

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். வழக்கத்தைச் செய்வது மட்டும் போதாது, செய்தாக வேண்டும் என்ற நம்பிக்கையும் வேண்டும், அந்த நம்பிக்கையைக் கண்ணில் காட்டுவதுதான் கடினம் என்று பேராசிரியர்கள் ஒரு பருவம் முழுக்கச் சொன்னார்கள். தண்டனை என்று ஒன்றை யோசித்தே பார்க்காத மனிதர்கள் என் எதிரில் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சந்தோஷத்தில் எழுந்து யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. கஸ்தூரி கையில் கத்தியோடு இருந்ததால் சும்மா இருந்துவிட்டேன்.

செவ்வாய், மாலை 6.45. குறிப்பேட்டில் எழுபது பக்கம் சேர்ந்திருந்தது. பாண்டி பஜார் நடைபாதையில் மகளுக்குத் துணி பார்த்துக்கொண்டிருந்தபோது நெறியாளரின் மின்னஞ்சல் வந்தது. அங்கே மதியம் இரண்டேகால். ஊர்கூடி வாயால் சொன்ன சம்மதத்தைக் குழு ஏற்கிறது என்று எழுதியிருந்தார். அவர்களுடைய படிவத்தில் அதை எழுத இடமே இல்லாததால் குழுவில் நீண்ட நேரம் விவாதம் நடந்ததாம். ஒரே ஒரு நிபந்தனை. பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பதைப் பங்கேற்றவர்களுக்கு நான் தெளிவாகச் சொல்ல வேண்டும். நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்து அதை மூன்று தடவை படித்தேன். கடைக்காரப் பெண், "அக்கா, இந்தக் கலர் வேணுமா வேணாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எடுத்துக்கொண்டேன், அறுநூற்றைம்பது.

புதன், காலை 6.30. விமானம் பிற்பகல் 2.40க்கு. அதற்குள் லூப் ரோட்டுக்கு ஆட்டோவில் போனேன், இருநூறு ரூபாய். ஏழுமலையின் படகு அப்போதுதான் கரை ஏறியிருந்தது. கஸ்தூரி கூடையோடு ஏலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தாள். கூடவே ஓடிக்கொண்டே குழுவின் நிபந்தனையைச் சொன்னேன். நான் எழுதியது பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், சொன்னால் எடுத்துவிடுவேன்.

கூடையை இறக்கி வைத்தாள். "அத்தச் சொல்றதுக்கா காத்தால ஓடி வந்த? பின்ன நீ படிச்சுக் காட்டுன்னு எதுக்குச் சொன்னோம்? புடிக்கலன்னா அங்கியே நிறுத்துன்னுவோம். எடுக்கச் சொன்னா நீ எடுத்துத்தான் ஆவணும்."

ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு குழு நீண்ட நேரம் விவாதித்துச் சேர்த்த நிபந்தனையைக் குப்பம் ஞாயிற்றுக்கிழமையே போட்டு முடித்திருந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

"ஞாயித்துக்கெயம வா. வேற நாள்ள வந்தா பாதிப் பேர் இருக்க மாட்டாங்க. நான் முன்னாடி குந்திக்கினு கேப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நெதர்லாந்தில் என் ஆய்வேட்டை இரண்டு பேர் படிப்பார்கள். அமைதியான அறையில், குளிர்ந்த வெளிச்சத்தில், அடிக்குறிப்புகளைச் சரிபார்ப்பார்கள். நல்லவர்கள், கெட்டிக்காரர்கள், அவர்களிடம் எனக்குப் பயம் இல்லை. இங்கே நூறு பேர் கேட்கப்போகிறார்கள், ஒவ்வொரு வரியும் அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், தப்பாக இருந்தால் நடுவிலேயே எழுந்துவிடுவார்கள். இதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. படிக்கப் போனதிலிருந்து இவ்வளவு நிறைவாகவும் நான் இருந்ததில்லை.

விமானம் மேலே ஏறியதும் மடிக்கணினியைத் திறந்து, அந்த அத்தியாயத்தை ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். கை நின்றுவிட்டது. அழித்துவிட்டுத் தமிழில் ஆரம்பித்தேன். ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ள ஜூலை வரை நேரம் இருக்கிறது. முதல் வாக்கியத்தை மூன்று தடவை எழுதி அழித்தேன். ஒவ்வொரு தடவையும் என் கற்பனையில் கஸ்தூரி முன்வரிசையிலிருந்து, "இன்னாக்கா அது?" என்று கேட்டாள். நாலாவது தடவை எழுதியதை மனசுக்குள் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வரிக்குப் போனேன்.